29 கால்வாய் லாக், ஒரு முதுகு

இங்கிலாந்துல டிவைசஸ்ங்கிற ஊர் பக்கம் கேன் ஹில்னு ஒரு இடம், கென்னட் அண்ட் ஏவன் கால்வாய்ல ரெண்டே மைலுக்குள்ள 29 லாக் (போட்டை மேடு ஏத்தி இறக்க, ரெண்டு முனையிலயும் கதவு வச்ச தண்ணித் தொட்டி), அதுல 16 படிக்கட்டு மாதிரி வரிசையா நிக்குது, நேத்து நண்பரோட போட்ல ஏறினோம். கீழ்க்கதவை சாத்திட்டு மேல்பக்க மடையை இரும்புக் கைப்பிடி போட்டு சுத்தினா தண்ணி உள்ள வந்து போட்டை அப்படியே தூக்குது, தூக்குறதுக்கு மோட்டார்லாம் கிடையாது. அப்புறம் கதவோட நீள மரக்கட்டைக்கு முதுகு குடுத்து தள்ளணும். மொதல் ரெண்டு மூணு ஜாலி, பத்தாவதுல இடுப்பு கழண்டுடுச்சு!! லாக் அகலம்கிறதால இன்னொரு போட்டும் பக்கத்துலயே சேந்து வந்துச்சு, வேலை பாதியாச்சு, இல்லன்னா அங்கயே படுத்திருப்பேன். நண்பர் சுக்கானை புடிச்சுக்கிட்டு டீ குடிச்சாரு (கேப்டனாம்!), 1810லயும் இப்படித்தான் கையால சுத்துனாங்கன்னு வரலாறு வேற சொல்றாரு...