முன்சக்கரம் ஏன் இழுக்கவில்லை: ஒரு பிக்கப் நாட்குறிப்பு

ஜூன் 4

மழையில் ஊறிக் கிடந்த ஏற்றத்தில் பிக்கப் ஏற மறுத்துவிட்டது. பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று மண்ணைத் தோண்டின. முன்சக்கரங்கள் அசையவே இல்லை. சுவிட்சை ஃபோர் ஹைக்கு, அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் நிலைக்குத் திருப்பினால் டாஷ்போர்டில் பச்சை விளக்கு கொஞ்ச நேரம் சிமிட்டிவிட்டு அணைந்துபோகிறது. கயிறு கட்டித்தான் மேலே இழுத்தோம்.

அந்த விளக்கு சும்மா சிமிட்டவில்லை. சிமிட்டினால் கட்டளை போயிருக்கிறது, ஆனால் வேலை முடியவில்லை என்று பொருள். நிலையாக எரிந்தும் வண்டி இழுக்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் அதற்கு அப்பால், இரும்புப் பக்கம் இருக்கும். விளக்கே வராவிட்டால் முதலில் ஃபியூஸையும் சுவிட்சையும் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் தேட வேண்டிய இடம் வேறு. இதைப் பார்க்காமலே “ஷிஃப்ட் மோட்டார் போயிடுச்சு, மாத்திடுங்க” என்று சொல்பவர்கள் உண்டு. நல்ல மோட்டாரைக் கழற்றி ஓரமாகப் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: போகிற வழியில் எந்த இடத்தில் நின்றுபோகிறது? சுவிட்சிலிருந்து கண்ட்ரோல் யூனிட், அங்கிருந்து ஷிஃப்ட் மோட்டார், இன்ஜின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் அது தள்ளும் ஃபோர்க் (கவை), பிறகு விசையை முன்னால் கொண்டுபோகும் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட், அதை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் முன் டிஃபரன்ஷியல், ஆக்சில் (சக்கர அச்சு) இணைப்பு, கடைசியில் சக்கரம். இந்த வரிசையிலேயே போகப் போகிறேன்.

ஜூன் 5

கீழே படுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. பேட்டரி 12.6 வோல்ட், குறையில்லை. ஃபியூஸ்கள் சரி. ரிலேயை அதே மாதிரியான இன்னொன்றோடு மாற்றிப் போட்டும் சிமிட்டல் அப்படியே இருந்தது.

டயர்களையும் அளந்தேன். நாலும் ஒரே அளவு, தேய்மானமும் ஏறக்குறைய ஒன்றுதான். இதற்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், ஃபோர் ஹையில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்கும். முன்னால் பழைய டயர், பின்னால் புது டயர், டயர்ப் பள்ளங்களின் ஆழத்தில் 5 மில்லிமீட்டர் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 76 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயரில் அது ஒவ்வொரு சுற்றுக்கும் சுமார் 31 மில்லிமீட்டர் வித்தியாசமாகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 13 மீட்டர். மண்ணில் டயர் வழுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க முடியாது, அத்தனையும் ஷாஃப்டிலும் டிரான்ஸ்ஃபர் கேஸின் செயினிலும் முறுக்காக ஏறும்.

ஸ்கேனரில் ஷிஃப்ட் மோட்டார் சர்க்யூட் என்று ஒரு பிழைக் குறியீடு வந்தது. சர்க்யூட் என்றால் மோட்டார், வயர், கனெக்டர், எர்த் எல்லாமே அடக்கம். குறியீடு தெருவைக் காட்டிவிட்டது, வீட்டை நாம்தான் தேட வேண்டும்.

ஜூன் 7

தம்பி கேபினில் உட்கார்ந்திருந்தான், நான் கீழே. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆனில் வைத்தோம்.

“அண்ணா, திருப்பட்டுமா?”

“திருப்பு.”

டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னாலிருந்து ஒரு மெல்லிய ‘டக்’. அவ்வளவுதான், மோட்டார் சுற்றவில்லை. சத்தம் கேட்டதே நல்ல செய்திதான். சுவிட்சும் கண்ட்ரோல் யூனிட்டும் தங்கள் பங்கைச் செய்ய முயல்கின்றன.

மோட்டார் கனெக்டரைப் பிரித்து வயர் பக்கம் மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இத்தோடு விட்டுவிட்டால் பழி மோட்டார்மேல் விழுந்துவிடும். ஆனால் சுமை இல்லாத வயரில் வோல்ட் பார்ப்பதால் பயன் குறைவு. உள்ளே பத்து இழை அறுந்து ஒரே இழை தாங்கிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். கனெக்டரை மாட்டிவிட்டு, பின்பக்கத்திலிருந்து ஊசி முனையை நுழைத்து, தம்பி சுவிட்சைத் திருப்பும் நேரத்தில் பார்த்தேன். 7 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது.

மீதி எங்கே போகிறது? மீட்டரின் ஒரு முனையைக் கண்ட்ரோல் யூனிட்டின் எர்த் வயரிலும் மறு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்து மறுபடி திருப்பச் சொன்னேன். 4 வோல்ட்டுக்கு மேல்! சரியான எர்த்தில் இது 0.2-க்குள் இருக்க வேண்டும், 0.5 வந்தாலே சந்தேகப்படலாம்.

எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனால் சேஸில் ஒரு போல்ட். மேலே பெயிண்ட் நன்றாக இருந்தது. கழற்றிப் பார்த்தால் வளையத்துக்கு அடியில் துருவும் பச்சைக் களிம்பும்.

ஜூன் 8

போல்ட் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, புது வளையம் கிரிம்ப் செய்து, இறுக்கியபின் மேலே கிரீஸ் பூசினேன். எர்த் இழப்பு 0.1 வோல்ட். சுவிட்சைத் திருப்பினால் மோட்டார் ‘ர்ர்ர்’ என்று முழுதாக ஓடி நிற்கிறது, விளக்கு நிலையாக எரிகிறது. நியூட்ரலில் வைத்து ஃபோர் லோவும் (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக விசையோடு இழுக்கும் நிலை) போட்டோம். அதுவும் விழுந்தது.

ஜூன் 10

அதே ஏற்றம். பச்சை விளக்கு நிலையாக எரிகிறது, பின்சக்கரம் சுழல்கிறது, முன்சக்கரம் அசையவில்லை.

தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கு அப்படி இல்லை. கோளாறு இரண்டு என்பது இப்போது தெளிவாகிவிட்டது, முதலாவதும் உண்மையான கோளாறுதான். இந்த வண்டியில் அந்த விளக்கு டிரான்ஸ்ஃபர் கேஸின் நிலையை மட்டுமே காட்டுகிறது, முன் ஆக்சில் இணைந்ததா என்பதைக் காட்டுவதில்லை. சில வண்டிகளில் இரண்டுக்கும் சேர்த்தே விளக்கு இருக்கும். உங்கள் வண்டியில் எப்படி என்று கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் முன்பக்கத்தை மட்டும் தூக்கி இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே போகாதீர்கள். முன்பக்கம் தூக்கியிருக்கும்போது இன்ஜினை ஓட்டி கியர் போடவும் கூடாது. தரையில் இருக்கும் பின்சக்கரம் வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளிவிடும்.

ஃபோர் ஹைக்கு மாற்றி இன்ஜினை அணைத்துவிட்டு, முன் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் திருப்பிப் பார்த்தேன். லேசான ஆட்டம், அதற்குமேல் அசையவில்லை. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் டூ ஹையில் சுலபமாகச் சுற்றுகிறது. அப்படியென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பூட்டுகிறது, பின்பக்கத்தோடு முன் ஷாஃப்ட் இணைகிறது. இவ்வளவும் ஒரு ஸ்பேனர்கூட எடுக்காமல் தெரிந்துவிட்டது.

மிச்சம் முன் ஆக்சில்.

ஜூன் 11

இந்த வண்டியின் முன் டிஃபரன்ஷியலில் ஒரு பக்க அச்சு இரண்டு துண்டாக இருக்கிறது. டூ ஹையில் இரண்டும் பிரிந்திருக்கும், ஃபோர் ஹையில் ஒரு காலர் (இணைப்பு வளையம்) நகர்ந்து இரண்டையும் சேர்க்கும். ஒரே ஒரு பக்கத்தைப் பிரித்தால் எப்படிப் போதும் என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. வண்டி ஓடும்போது சேர்ந்திருக்கும் பக்கத்துச் சக்கரம் டிஃபரன்ஷியலுக்குள் தன் பக்கத்துப் பல்சக்கரமான சைடு கியரைச் சுழற்றும். மறுபக்கத்து அரை அச்சு எதனோடும் இணையாததால் எதிர்த்திசையில் தானாகச் சுழன்றுகொள்ளும். அதனால் டிஃபரன்ஷியலின் கூடும் புரொப்பல்லர் ஷாஃப்டும் சும்மா நிற்கின்றன. யாரோ மிக நிதானமாக யோசித்துச் செய்த ஏற்பாடு இது. எனக்கு மிகவும் பிடிக்கும்.

சோதிக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது. ஷாஃப்ட் பூட்டிய நிலையில் ஒரு முன்சக்கரத்தைக் கையால் சுற்றினால், ஆக்சில் இணைந்திருந்தால் எதிர்ச் சக்கரம் தலைகீழாகச் சுற்ற வேண்டும். கியர் நியூட்ரலில், இன்ஜின் ஐடிலில், ஃபோர் ஹையில் வலது சக்கரத்தைச் சுற்றினேன். இடது பக்கம் அப்படியே நின்றது.

அந்தக் காலரை நகர்த்துவது ஒரு வாக்யூம் ஆக்சுவேட்டர், அதாவது வெற்றிடத்தின் உறிஞ்சலால் இயங்கும் கருவி. டீசல் இன்ஜினில் பெட்ரோல் இன்ஜினைப் போல மேனிஃபோல்டில் உபயோகமான வாக்யூம் கிடைக்காது, அதனால் தனி பம்ப். பம்ப் முனையில் கேஜ் 25 பாதரச அங்குலம் காட்டியது. மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வான சொலினாய்டு தாண்டியும் 25. ஆக்சுவேட்டர் முனையில் 8-ஐத் தாண்டவில்லை.

ஆக்சுவேட்டரும் நன்றாக இருக்கிறதா என்று உறுதிசெய்ய கைப்பம்பை நேரடியாக மாட்டினேன். 15-க்கு ஏற்றியதும் ‘டொக்’ என்று உள்ளே விழுந்தது, முள் இறங்கவில்லை. வலது சக்கரத்தைச் சுற்றினால் இடது சக்கரம் எதிராகச் சுற்றியது. தம்பி கைதட்டினான்.

எஞ்சியது நடுவில் ஓடும் ஹோஸ் ஒன்றுதான். ஒரு கிளாம்புக்கு அடியில் ரப்பர் மொறமொறவென்று காய்ந்து நீளவாக்கில் வெடித்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது, வளைத்தால்தான் வாய் பிளக்கிறது.

ஜூன் 14

புது ஹோஸ் போட்டாயிற்று. வாக்யூமுக்கென்று தயாரித்த, உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளாத கெட்டியான ஹோஸாகப் பார்த்து வாங்கினேன். ஏற்றத்தில் நாலு சக்கரமும் சேற்றைக் கடித்து ஏறியது.

திரும்பும்போது தார் ரோட்டில் ஃபோர் ஹையிலேயே ஒரு வளைவு எடுத்ததும் ஸ்டீயரிங் கனத்து வண்டி இடித்தது. தம்பி பயந்துவிட்டான். இது கோளாறு இல்லை. வளைவில் முன்சக்கரங்கள் பெரிய வட்டத்தில் போகின்றன, பின்சக்கரங்கள் சின்ன வட்டத்தில். நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத அமைப்பில் அந்த வித்தியாசம் போக இடமில்லை. டூ ஹைக்கு மாற்றியும் விளக்கு அணையாமல் நின்றது, அதுவும் அதே முறுக்குதான். நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்ததும் விடுபட்டது.

ஜூன் 15

டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலை இறக்கினேன். டிரெயின் பிளக் காந்தத்தில் மை போல நைசான சாம்பல் பசை மட்டும் இருந்தது, துணுக்கு எதுவும் இல்லை. புது ஆயிலைக் கையேட்டில் சொன்ன வகையில்தான் ஊற்ற வேண்டும். சில கேஸ்களுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), சிலவற்றுக்கு கியர் ஆயில்.

முன் புரொப்பல்லர் ஷாஃப்டில் அன்று கையில் பட்ட ஆட்டத்தையும் பார்த்தேன். டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கத்து கிராஸ் ஜாயிண்டில் (ஷாஃப்ட் சாய்ந்தபடியே சுழல விடும் இணைப்பு) ஒரு பேரிங் கப்பைச் சுற்றித் துருப்பொடி. பேரிங்கில் கிரீஸ் வற்றியிருக்கிறது. வரும் வாரம் ஷாஃப்டைக் கழற்றி, அது பொருந்தும் தட்டில் (ஃபிளாஞ்ச்) குறி போட்டுக்கொண்டு, ஜாயிண்டை மாற்ற வேண்டும்.