துண்டு கட்டிய அம்மா

மகள் பிறந்து 12 நாள். இன்று காலை, அல்சூர் வீட்டில், மனைவி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்துண்டை இறுக்கிக் கட்டியபடி அவள்மேல் குனிந்தாள். பாப்பாவின் பார்வை நிற்காமல் ஜன்னல் பக்கம் நழுவியது. துண்டை அவிழ்த்ததும், ஈரமுடி தோளில் விழ, கண் அங்கேயே நின்றுவிட்டது.

“மூக்கும் முழியும் இன்னும் பிடிபடல மாப்பிள்ளை, தலைமுடிதான் தெரியுது” என்றார் மாமியார்.

சரிதான். 1995-இல் பாஸ்காலிஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர், பிறந்து சில நாளே ஆன குழந்தைகளிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். அம்மாவும் வேறொரு பெண்ணும் தலையில் துணி கட்டியதும், அம்மாவையே அதிகம் பார்ப்பது நின்றுபோனது. முடியும் நெற்றியும் சேரும் விளிம்புதான் அந்த வயதில் பெரிய அடையாளம். அதுவும் 20, 30 சென்டிமீட்டருக்குள் வந்தால்தான் ஓரளவு தெளிவு.

ஞாயிற்றுக்கிழமை முடிவெட்டப் போக இருந்தேன். தள்ளிப்போட்டுவிட்டேன்.