வடசென்னையின் தீ விபத்துக் கணக்கைக் கேட்டுப் பெற்ற அனுபவம்

தண்டையார்பேட்டையில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தினர், தீயணைப்பு வண்டி நுழைய முடியாத குறுகிய தெருக்களுக்கு அருகே தண்ணீர் பிடித்துக்கொள்ளும் வசதி வேண்டுமென்று மாநகராட்சிக்கு மனுக் கொடுக்க முடிவு செய்தபோது, மற்ற நகரங்களைவிட இங்கே ஆபத்து அதிகம் என்பதற்கு என்ன ஆதாரம் என்ற கேள்வி எழுந்தது. அந்த ஆதாரத்தைத் தேடும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று அதன் வழிமுறையை இங்கே எழுதுகிறேன்.

தொடக்கமாக, தேசிய குற்ற ஆவணக் காப்பகம் விபத்து மரணங்கள் குறித்து ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையைப் படித்தேன். அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 53 நகரங்களுக்கு அதில் தனி அட்டவணைகள் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய நான்கும் இடம்பெறுகின்றன. ஆனால் அந்த எண்கள் காவல் நிலையங்களில் பதிவான வழக்குகளிலிருந்து திரட்டப்படுபவை. தீக்குளித்து இறந்தவர்கள் தற்கொலைக் கணக்கிலும், மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் வேறொரு தலைப்பிலும் வருகிறார்கள். யாருக்கும் காயமில்லாமல் ஒரு தெருவே எரிந்து போயிருந்தால், அதை இந்த அட்டவணையில் தேடிப் பயனில்லை. நகரம் என்ற வரம்பும் பலவற்றை மறைத்துவிடுகிறது. 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைப் பலிகொண்ட கும்பகோணம் பள்ளித் தீ விபத்தைப் போன்ற ஒன்று இன்று நடந்தாலும், பெருநகரங்களின் பட்டியலில் அதற்கு இடமிருக்காது. இதை உணர்ந்தபோது, வெறும் நகர ஒப்பீட்டை நம்பி மனு எழுதக் கூடாது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

எனவே தீயணைப்புத் துறையின் பதிவுகளைக் கேட்பதென்று தீர்மானித்து, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 6(1) பிரிவின்படி பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் எழுதினேன். கட்டணம் பத்து ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி அனுப்பினால் போதுமானது. கேள்வியை அமைப்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. "வடசென்னையில் எத்தனை தீ விபத்துகள்" என்று கேட்டால், வடசென்னை எது என்பதை அலுவலர் தாமாகவே வரையறுக்க நேரிடும். ஆகவே எங்கள் பகுதிக்கு வண்டி அனுப்பும் நிலையங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, ஆண்டுவாரியாகத் தீ அழைப்புகள், மீட்பு அழைப்புகள், பொய் அழைப்புகள் ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டேன். தீ அழைப்புகளுக்குள் குடிசை, குடியிருப்பு, கடை, கிடங்கு, தொழிற்சாலை, குப்பை என்ற பிரிவையும், பதிவேட்டில் உள்ளபடி காரணத்தையும் கேட்டேன். பாம்பு பிடிப்பதற்கும் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவதற்கும் அதே வண்டிதான் செல்கிறது என்பதால், மொத்த அழைப்புகளின் எண்ணிக்கை தீயின் அளவைக் காட்டாது.

முப்பது நாட்களுக்குள் பதில் தரவேண்டும் என்பது சட்டத்தின் 7(1) பிரிவு. எனக்கு வந்த பதிலில் மொத்த எண்கள் இருந்தன; நான் கேட்ட வகைப்பிரிவு மட்டும் தொகுக்கப்பட்ட வடிவில் இல்லை என்று குறிப்பிடப்பட்டிருந்தது. பலர் இந்த இடத்தில் மேல்முறையீட்டுக்குச் செல்கிறார்கள். அதற்கான முப்பது நாள் கெடு கையில் இருந்தபோதும், பதிவேடுகளை நேரில் பார்வையிடும் உரிமையை 2(j) பிரிவு தருவதால், நான் அதையே கேட்டு மீண்டும் எழுதினேன். அனுமதி கிடைத்தது. நிலையத்தில் இருந்தவர்கள் பொறுமையாகப் பதிவேட்டின் பத்திகளை விளக்கினார்கள். அந்த உதவியை நான் மறக்க மாட்டேன்.

பதிவேட்டைப் பார்த்த பிறகுதான் கணக்கின் இயல்பு புரிந்தது. அழைப்பு வந்தால்தான் பதிவு உண்டு. காப்பீட்டுத் தொகை கேட்கும் கடைக்காரருக்குத் தீயணைப்புத் துறையின் அறிக்கை தேவைப்படுகிறது. ஆகவே அவர் கட்டாயம் அழைக்கிறார். அக்கம்பக்கத்தார் குடம் குடமாக ஊற்றி அணைத்த குடிசைத் தீ எங்கேயும் எழுதப்படுவதில்லை. அந்தக் குடும்பம் நிவாரணம் கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போயிருந்தால் வருவாய்த் துறையின் பட்டியலில் மட்டும் அதற்குத் தடயம் கிடைக்கும். தீக்காயத்துடன் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையில் சேர்ந்து சில நாட்கள் கழித்து இறந்தவரின் பெயர் காவல் துறைப் பதிவில் வரும். வண்டி திரும்பியவுடன் எழுதப்பட்ட நிலையக் குறிப்பில் வராது. மூன்று ஆவணங்களையும் சேர்த்து வைத்தால்தான் ஒரு பகுதியின் உண்மை நிலை ஓரளவு தெரியவரும்.

பிற நகரங்களோடு ஒப்பிடுவதற்கு மக்கள்தொகையால் வகுத்தாக வேண்டும். இதில் மிகுந்த கவனம் தேவை. 2011 கணக்கெடுப்பில் கோவை மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 10.5 லட்சம், சுற்றுப்புறங்களைச் சேர்த்த நகரத் தொகுதிக்கோ சுமார் 21.4 லட்சம். எதைக் கொண்டு வகுக்கிறோமோ அதற்கேற்ப விகிதம் இரு மடங்காகிறது அல்லது பாதியாகிறது. சென்னையின் 46 லட்சம் என்ற எண் பழைய 174 சதுர கிலோமீட்டருக்கு உரியது. அதில் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் ஆகியவை அடங்கவில்லை. இவை 2011 அக்டோபரில்தான் 426 சதுர கிலோமீட்டராக விரிந்த மாநகராட்சிக்குள் வந்தன. எண்ணூர், மணலி ஆலைகளின் தீயைக் கணக்கில் சேர்த்துவிட்டு அங்கே வாழும் மக்களை வகுத்தியில் விட்டுவிட்டால், வடசென்னை இல்லாத அளவுக்கு மோசமாகத் தெரியும். எங்கள் கோரிக்கைக்கு அது சாதகமாகவே இருந்திருக்கும். ஆனாலும் பொய்யான எண்ணைக் காட்டி நியாயமான ஒன்றைக் கேட்கச் சங்கத்தில் ஒருவரும் விரும்பவில்லை.

இறுதியில் நகர ஒப்பீட்டை ஒரே பத்தியாகச் சுருக்கினோம். எங்கள் தெருக்களுக்கு வந்த தீ அழைப்புகளைக் குப்பைத் தீயை நீக்கி ஆண்டுவாரியாக அட்டவணையிட்டு, ஒவ்வொரு எண்ணும் எந்தப் பதிவேட்டிலிருந்து வந்தது என்று எதிரிலேயே எழுதி, தெரு அகலங்களின் அளவுகளோடு மண்டல அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெற்றிருக்கிறோம். வருவாய்த் துறையின் நிவாரணப் பட்டியலுக்கான விண்ணப்பமும் இப்போது அனுப்பப்பட்டுள்ளது. அது கிடைத்ததும், அழைப்புப் பதிவேட்டில் இடம்பெறாத குடிசைகளை இணைத்துத் துணை மனு ஒன்றை அளிக்கவிருக்கிறோம்.