அம்மாவின் மாத்திரைகளை ஜெனரிக்குக்கு மாற்றிய அனுபவம்

நெல் சாகுபடியை நம்பியிருக்கும் டெல்டாக் குடும்பங்களில் குறுவை, சம்பா அறுவடைக்குப் பின்தான் கையில் பணம் புழங்கும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைச் செலவோ மாதம் தவறாமல் வந்து நிற்கும். மன்னார்குடிக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில் அம்மாவின் மாத்திரைகளை ஜெனரிக்குக்கு மாற்றலாம் என்ற பேச்சு எழுந்ததற்கு இதுவே காரணம். விலை குறைந்தால் வீரியமும் குறையுமோ என்ற ஐயம் அம்மாவைவிட எனக்கே அதிகம் இருந்ததால், முதலில் விசாரிக்கத் தொடங்கினேன்.

மருந்தைக் கண்டுபிடித்த நிறுவனத்தின் காப்புரிமை முடிந்தபின் அதே மூலப்பொருளைக் கொண்டு பிறர் தயாரிப்பதே ஜெனரிக். அப்படிப் பார்த்தால், நம் மெடிக்கல் கடைகளில் கம்பெனிப் பெயரோடு விற்பவற்றில் பெரும்பாலானவையும் ஜெனரிக்தான். அம்மா ரத்த அழுத்தத்துக்காக ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டுவந்த டெல்மிசார்டன்கூட, அதைக் கண்டுபிடித்த ஜெர்மானிய நிறுவனத்தின் தயாரிப்பு அன்று. இந்திய நிறுவனம் ஒன்று தன் பெயரைச் சூட்டி விற்றது. விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு அந்தப் பெயரைப் பரப்பும் செலவுக்கும் இடையிலுள்ளவர்களின் லாபத்துக்கும் போகிறது.

வழக்கமான கடையில், சீட்டிலுள்ள பெயருக்குப் பதிலாக அதே மருந்தை மலிவான தயாரிப்பில் தர முடியுமா என்று கேட்டபோது கடைக்காரர் மறுத்துவிட்டார். அவர் மீது குறை இல்லை. சீட்டில் எழுதிய பரிந்துரை மருந்துக்குப் பதிலாக, உள்ளடக்கம் ஒன்றே ஆனாலும், வேறு தயாரிப்பைத் தாமாகக் கொடுக்க 1945ஆம் ஆண்டு மருந்து விதிகள் இடம் தரவில்லை. ஆகவே மருத்துவரிடமே போய், கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரில் எழுதித் தருமாறு கேட்டோம். அவர் தயங்கவில்லை, ஆனால் சர்க்கரை மாத்திரையின் பெயரில் ஓரிடத்தில் பேனாவால் கோடிட்டார். "மெட்பார்மின் எஸ்.ஆர்.னு போட்டிருக்கேன். அந்த ரெண்டு எழுத்து அட்டையில இல்லன்னா வாங்காதீங்கம்மா" என்றார்.

இந்த எச்சரிக்கை மறுநாளே உதவியது. ஜெனரிக் மருந்துகளுக்காக 2008இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் இயங்கும் மக்கள் மருந்தகத்தில் அன்று இருந்தது சாதாரண மெட்பார்மின் 500 மட்டுமே. மெல்லக் கரைந்து நெடுநேரம் மருந்தை வெளிவிடும் எஸ்.ஆர். மாத்திரையும் அதுவும் மூலப்பொருளிலும் அளவிலும் ஒன்றே; ஆனால் உடம்பில் நடந்துகொள்ளும் விதம் வேறு. சரக்கு வரும்வரை காத்திருந்து வாங்கினோம். பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்து, மூலப்பெயர், மில்லிகிராம், எஸ்.ஆர்., இந்திய மருந்தியல் தரநூலைக் குறிக்கும் 'ஐ.பி.', காலாவதித் தேதி என்று பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். வெள்ளிநிறத் தாளில் வெளிர்நிற எழுத்தை அச்சடிப்பவர்களுக்கு வயதான தாய் தகப்பன் இல்லை போலும்!

உறவினர் ஒருவர், ஜெனரிக்கில் மருந்து 80 விழுக்காடு இருந்தாலே போதும் என்று சட்டமே சொல்வதாகப் பயமுறுத்தினார். அவர் சொன்னது 80 முதல் 125 விழுக்காடு என்ற எல்லையின் கீழ்முனை. அந்த எண்கள் மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் அளவைக் குறிப்பவை அல்ல. இரு தயாரிப்புகளும் ரத்தத்தில் கலக்கும் அளவையும் வேகத்தையும் ஒப்பிடும் சோதனையில், சராசரிகளின் விகிதத்துக்கான நம்பக இடைவெளி, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடும் எனக் கணக்கிடும் வீச்சு, முழுவதும் அடங்க வேண்டிய எல்லை அது. சராசரி ஒரு முனையை ஒட்டியிருந்தால் அந்த வீச்சு எல்லைக்கு வெளியே நீண்டுவிடும் என்பதால், தேறுவது கடினம். தரம் குறைந்தவை எனக் கண்டறிந்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதந்தோறும் வெளியிடும் பட்டியலில், பெயர் பெற்ற தயாரிப்புகளும் இடம்பெறுவதுண்டு.

எங்களுக்குச் சிக்கல் வந்தது வேறிடத்தில். டெல்மிசார்டன் ஈரத்தை எளிதில் உறிஞ்சும். அம்மாவோ வாரத்துக்கானதைப் பிரித்து டப்பாவில் போட்டுவைப்பவர். ஐப்பசி அடைமழையில் அவை பிசுபிசுத்துவிட்டன. புது மாத்திரையின் மீதே பழி விழுந்தது. எந்தத் தயாரிப்பானாலும் சாப்பிடும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும் என்று மருந்தாளுநர் விளக்கியபின், கத்தரிக்கோலால் அட்டையோடு வெட்டிப் போடுகிறோம்.

மாற்றுவதற்கு முன்னும் மூன்று மாதம் கழித்தும் எடுத்த, சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. ரத்த அழுத்தமும் பழையபடியே இருந்தது. மாதச் செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. தைராய்டு மாத்திரையை மட்டும் மருத்துவர் மாற்றவிடவில்லை. அதிலுள்ள மருந்தான லெவோதைராக்சினில் சிறு ஏற்ற இறக்கமும் உடம்பில் தெரியும் என்பதால், ஒரே தயாரிப்பிலேயே தொடர வேண்டும் என்றும், மாற்ற நேர்ந்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்எச் எனும் தைராய்டு ரத்தச் சோதனை பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அதை இன்றும் பழைய கடையிலேயே வாங்குகிறோம்.