பல்லடத்தில் போட்ட கையெழுத்து

2003இல் அமெரிக்கா வந்தேன். 2012இல் கிரீன் கார்டு, 2018இல் குடியுரிமை. 2022இல் மேரிலாண்டில், ராணுவத்துக்கு மென்பொருள் எழுதித் தரும் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. ஆனால் செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது அரசு ரகசியங்களைக் கையாள ஆளை விசாரித்துத் தரும் அனுமதி, வந்தால்தான் சேர முடியும். அதை நாமாகப் போய்க் கேட்க முடியாது. வேலை தருபவர்தான் தொடங்கிவைக்க வேண்டும். குடிமகனாகவும் இருக்க வேண்டும்.

அதற்கு நிரப்ப வேண்டிய எஸ்எஃப்-86 என்கிற படிவம் நூறு பக்கத்துக்கு மேல். 26ஆம் பிரிவு முழுக்கப் பணம். கடந்த 7 ஆண்டில் கட்டாமல் விட்ட கடன் உண்டா, வசூல் ஏஜென்சிக்குப் போன பில் உண்டா, இப்போது 120 நாளுக்கு மேல் நிலுவையில் ஏதாவது நிற்கிறதா? மகனுக்குக் குடல்வால் அறுவை செய்தபோது இன்சூரன்ஸ் தகராறில் வசூலுக்குப் போன 1,900 டாலர் பில்லை எப்போதோ கட்டி முடித்திருந்தேன். கட்டியதையும் சொல்லத்தான் வேண்டும், எழுதினேன். அடுத்த வரியில் கை நின்றுவிட்டது. அடுத்தவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் சேர்த்து எழுதச் சொல்லியிருந்தார்கள்.

2015 தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது மாமன் மகன் பல்லடத்தில் ஆறு தறி வாங்கினான். வங்கிக் கடனுக்கு ஜாமீன் வேண்டுமென்றான். என் கல்யாணத்துச் சீர் அத்தனையும் முன்னின்று செய்தவர் அவன் அப்பா. அந்த வீட்டுக்குக் கையெழுத்து மறுக்க எங்கள் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது.

அன்று இரவே காங்கேயத்துக்குப் போன் போட்டேன்.

“ஏனுங்ப்பா, பல்லடத்துப் பேங்குல இருந்து கடுதாசி ஏதாச்சும் வந்துதுங்களா?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“வந்துது கண்ணு. நாலு வந்துது. நீ அங்க வெசனப்படுவீன்னுதான் சொல்லல.”

ஆசாரத்துச் சுவரில் தொங்கும் நாள்காட்டிக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளை படமெடுத்து அனுப்பியது. முதல் கடிதத்தின் ஓரத்தைக் கரையான் அரித்திருந்தது. 2018 மார்ச் என்ற தேதி மட்டும் தெளிவாக இருந்தது. 2016இல் நோட்டு செல்லாமல் போனது, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, கூலி நெசவு படுத்துவிட்டது. மச்சான் தறியை எடைக்குப் போட்டுவிட்டான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. பிறகு விதிகளை உட்கார்ந்து படித்தேன். கிளியரன்ஸ் தரலாமா என்று முடிவுசெய்ய 2017 ஜூன் முதல் நடப்பிலிருக்கும் 13 நெறிகளில் ‘எஃப்’ என்பது பண நிலைமையைப் பற்றியது. இவ்வளவு கடன் இருந்தால் கிடையாது என்று அதில் எந்தத் தொகையும் இல்லை. ஒழுங்காகக் கட்டிவரும் வீட்டுக் கடனையும் கார் கடனையும் யாரும் குற்றமாக எடுப்பதில்லை. கடன் கழுத்தை நெரித்தால் ஆள் விலைபோகக்கூடும் என்பதுதான் அவர்கள் பயம். அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவில் இருந்த ஆல்ட்ரிச் ஏம்ஸ், பண நெருக்கடியில் 1985இல் சோவியத்துக்கு ரகசியம் விற்கத் தொடங்கி 1994இல் பிடிபட்டார். அதனால் கடன் எப்படி வந்தது, வந்தபின் நீ என்ன செய்தாய் என்று பார்க்கிறார்கள். வேலை போனது, மருத்துவச் செலவு, மணமுறிவு போன்ற நம் கையை மீறிய காரணங்களுக்கும், கட்டி முடிக்க நாணயமாக எடுத்த முயற்சிக்கும் மதிப்புண்டு. மறைப்பதைத்தான் எளிதில் மன்னிப்பதில்லை. படிவத்தில் தெரிந்தே பொய் எழுதினால் 5 ஆண்டு வரை சிறை.

நான் முழுதும் எழுதினேன், அப்பா ஒளித்துவைத்த நாலு கடிதம் உட்பட. பிறகு லீவு போட்டு ஊருக்குப் போனேன். நிலுவை 6 லட்சத்து 20 ஆயிரம். பேசிப்பேசி ஒரே தவணையில் நாலரை லட்சத்துக்கு வங்கி ஒத்துக்கொண்டது. பணம் கட்டப் போன அன்று காலையில் மச்சான் டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்து இறங்கினான். முகத்தைப் பார்க்காமல் ஒரு மஞ்சப்பையை நீட்டினான். பொண்டாட்டி நகையை அடகு வைத்த 60 ஆயிரம். வேண்டாமென்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் அவனை இன்னும் சிறுமைப்படுத்துவதாக ஆகும் என்று வாங்கிக்கொண்டேன்.

நேர்காணலில் விசாரணை அதிகாரி ஜாமீன் விவகாரத்தைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் கேட்டார். வங்கி கொடுத்த ‘பாக்கியில்லை’ சான்றிதழை நீட்டினேன். இதற்குப் பிறகு வேறு யாருக்காவது கையெழுத்துப் போட்டீர்களா என்றார். இல்லை என்றேன். சில மாதம் கழித்து கிளியரன்ஸ் வந்தது.

வந்தபின்னும் கண்காணிப்பு தொடர்கிறது. கடன்களை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் கிரெடிட் ரிப்போர்ட் அவர்கள் பார்வையில்தான் இருக்கும். இந்த மாதிரி வேலைக்குப் போகும் நம்மூர்ப் பிள்ளைகளிடம் எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: படிவத்தைத் தொடும் முன் வீட்டுக்குப் போன் போடுங்கள். ‘எதுலயாச்சும் நான் கையெழுத்துப் போட்டிருக்கனா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். நம் பெற்றோர் அன்பினால்தான் மறைப்பார்கள்.

அப்பா இப்போது பெரிய போன் வாங்கிவிட்டார். வீட்டுக்கு வரும் எந்தத் தபாலானாலும் பிரித்துப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறார். நேற்று வந்தது கூட்டுறவுச் சங்கத்துப் பேரவைக் கூட்ட அறிவிப்பு. கூடவே ஒரு குரல் பதிவு: “கடனெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, சும்மா கூட்டத்துக்குக் கூப்புடறாங்க.”