பாக்கெட் காமிராவில் பின்னணி மங்கலாக வர

பூ மட்டும் பளிச்சென்று தெரிந்து பின்னால் எல்லாம் கரைந்து போன மாதிரி படம் வேண்டுமா, அதற்கு லென்ஸ் மாற்றுகிற பெரிய டிஎஸ்எல்ஆர் காமிரா வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். சட்டைப்பையில் போடுகிற காமிராவிலும் வரும். எல்லா இடத்திலும் வராது. எங்கே வரும், எங்கே வராது என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு வகுத்தல் கணக்கு போதும், அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

உங்கள் காமிராவின் லென்ஸைச் சுற்றி எழுதியிருப்பதைப் படியுங்கள். என்னிடம் இருப்பது கேனன் பவர்ஷாட் எஸ்எக்ஸ் 260 எச்எஸ், 2012இல் வந்த 20 மடங்கு ஜூம் காமிரா. அதன் லென்ஸின் குவியத் தூரம் (ஜூம் செய்யச் செய்யக் கூடுகிற எண்) 4.5 முதல் 90 மி.மீ. வரை, அப்பெர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழைகிற துளையைக் குறிக்கிற எஃப் எண், 3.5 முதல் 6.8 வரை. இதைப் பார்த்ததும் பலரும் செய்வது என்னவென்றால், எஃப் எண் சிறியதாக இருந்தால்தான் பின்னணி மங்கும் என்று எங்கேயோ படித்திருப்பார்கள், அதனால் 3.5 கிடைக்கிற இடத்திலேயே, அதாவது ஜூம் செய்யாமலேயே, எடுத்துக்கொண்டிருப்பார்கள். படம் முழுக்க முன்னும் பின்னும் ஒரே கூர்மையாக வரும், காமிராவே சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

எஃப் எண் தனியாக நின்றால் ஒன்றும் சொல்லாது. லென்ஸின் மி.மீ. எண்ணை எஃப் எண்ணால் வகுத்துப் பாருங்கள், துளையின் உண்மையான அகலம் கிடைக்கும். 4.5ஐ 3.5ஆல் வகுத்தால் 1.3 மி.மீ. முழு ஜூமில் 90ஐ 6.8ஆல் வகுத்தால் 13 மி.மீ. பத்து மடங்கு! பெரிய எண்ணான 6.8இல்தான் துளை பெரிதாக இருக்கிறது. ஜூம் செய்தால் பின்னணி ஏன் மங்குகிறது என்பதற்கு இதைவிட எளிமையான விளக்கம் எனக்குத் தெரியாது.

இந்த 13 மி.மீ.யை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பின்னணி வெகு தூரத்தில் இருந்தால், அங்கே இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் நீங்கள் எடுக்கிற பொருளின் பக்கத்தில் 13 மி.மீ. அகல வட்டமாக விரியும், கிட்டத்தட்ட ஒரு சட்டை பட்டன் அளவுக்கு. எடுப்பது ஒரு செம்பருத்தியின் நடுப்பகுதி, படத்தின் அகலத்துக்குள் அடங்குவது 7 செ.மீ. என்றால் அந்த வட்டம் படத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பின்னால் இருக்கிற சுவர், துணிக்கொடி, தண்ணீர்த் தொட்டி எதுவும் அடையாளமே தெரியாமல் போய்விடும். அதே வட்டம் ஒரு ஆளை இடுப்பு வரை எடுக்கிற படத்தில் ஒன்றுமே இல்லை. ஆக, பொருள் சிறியதாக இருக்க இருக்க பாக்கெட் காமிராவுக்குக் கொண்டாட்டம்.

இங்கேதான் அந்தப் பூப் படம் போட்ட பட்டன், மிக அருகில் வைத்து எடுப்பதற்கான மேக்ரோ, நம்மை ஏமாற்றும். அதை அழுத்தி, ஜூம் இல்லாமல் பூவுக்கு 5 செ.மீ. பக்கத்தில் லென்ஸைக் கொண்டுபோனால் இதே 7 செ.மீ. அகலம்தான் கிடைக்கும், ஆனால் துளை 1.3 மி.மீ., மங்கல் பத்தில் ஒரு பங்கு. முழு ஜூம் போட்டு ஒரு மீட்டர் பின்னால் நின்று எடுங்கள். பூ அதே அளவு, பின்னணி முற்றிலும் வேறு. தட்டான்பூச்சிக்கு இது இன்னும் வசதி, ஒரு மீட்டர் தூரத்தில் நின்றால் அது அவ்வளவாகப் பயப்படாது. பறந்து போனாலும் பல தட்டான்கள் அதே குச்சிக்குத் திரும்பி வந்து உட்காரும், அதனால் காமிராவைக் குச்சிக்கு நேராக வைத்துக்கொண்டு அசையாமல் காத்திருந்தால் போதும். (டிஜிட்டல் ஜூமை மெனுவில் போய் அணைத்துவிடுங்கள். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குகிற வேலை, துளை ஒரு நூல்கூட அகலாது.)

பின்னணி எவ்வளவு தூரம் தள்ளி இருக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. உங்களுக்கும் பூவுக்கும் ஒரு மீட்டர், பூவுக்குப் பின்னால் இன்னொரு மீட்டரில் சுவர் என்றால் அந்த 13 மி.மீ.யில் பாதிதான் கிடைக்கும். சுவர் பூவிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இருந்தால் முக்கால். அதற்கு மேல் போகப் போகக் கிடைக்கிற லாபம் கொஞ்சம்தான். அதனால் தொட்டிச் செடியைச் சுவரோரத்திலிருந்து மொட்டைமாடி நடுவுக்கு நகர்த்துவது பல நேரம் புது லென்ஸ் வாங்கியதற்குச் சமம். நிழலாக இருக்கிற பின்னணியைத் தேடுங்கள், வெயில் பட்ட பூ தானாக எடுப்பாகத் தெரியும்.

இனி முகம். காமிராவைச் செங்குத்தாகப் பிடித்து, நெஞ்சு வரை, படத்தின் உயரத்தில் 60 செ.மீ. அடங்குகிற மாதிரி, முழு ஜூமில் எடுக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 9 மீட்டர் பின்னால் போக வேண்டும். வீட்டுக்குள் நினைத்தே பார்க்க முடியாது. வெளியே இடம் இருந்தாலும், ஆளுக்குப் பின்னால் இன்னும் 9 மீட்டர் இருந்தால்தான் பாதி மங்கலாவது கிடைக்கும். கடற்கரை, விளையாட்டு மைதானம், வயல்வெளி, நீளமான ரயில்வே பிளாட்பாரம், இந்த மாதிரி இடங்கள்தான் சரிப்படும். அப்போதும் பின்னணி மென்மையாகும், மறையாது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸின் துளை 28 மி.மீ., அதோடு போட்டி போட முடியாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரு இன்ச் சென்சார் (படம் பதிகிற சில்லு என்னுடையதைவிடப் பெரியது) காமிராக்கள் இங்கே எப்படி என்று கேட்பீர்கள். சோனியின் முதல் ஆர்எக்ஸ் 100ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் 2012இல் வந்ததுதான். முழு ஜூமில் 37 மி.மீ., எஃப் 4.9, அதாவது துளை 7.6 மி.மீ.தான். பின்னணி வெகு தூரத்தில் இருந்தால் என்னுடைய சின்ன சென்சார் காமிரா அதை ஜெயித்துவிடும்! ஆனால் ஆர்எக்ஸ் 100இல் அதே முகப் படத்தை 1.7 மீட்டரிலேயே எடுத்துவிடலாம், பின்னால் இரண்டு மீட்டரில் சுவர் இருந்தாலும் அது ஓரளவு மங்கும். என் காமிராவில் 9 மீட்டரிலிருந்து எடுக்கும்போது அதே சுவர் அதைவிடக் கூர்மையாகத் தெரியும். வீட்டுக்குள் ஆட்களை எடுப்பதுதான் உங்கள் ஆசை என்றால் ஒரு இன்ச் சென்சாருக்குச் செலவு செய்வது நியாயம். பூ, பூச்சி என்றால் ஜூம் அதிகமுள்ள பழைய காமிராவே போதும்.

முழு ஜூமில் கை நடுக்கம் பெரிதாகத் தெரியும், அதனால் வெளிச்சம் வேண்டும். நல்ல வெயிலில் எஃப் 6.8, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 100 வைத்தால் ஷட்டர் 1/500 நொடி பக்கம் வரும், கவலையில்லை. நிழலில் ஐஎஸ்ஓ 400க்குப் போனால் 1/250 கிடைக்கும், காமிராவில் நடுக்கத்தைத் தடுக்கிற வசதி இருப்பதால் அதுவும் தாங்கும். அதற்கு மேல் போனால் சின்ன சென்சாரில் புள்ளி புள்ளியாகத் தெரிய ஆரம்பிக்கும். ஃபோகஸை நடுக்கட்டத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காமிரா மெல்லிய பூவை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கிற ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். பட்டனைப் பாதி அழுத்தி, பூவில் ஃபோகஸ் விழுந்ததைப் பார்த்துவிட்டு, அப்படியே பிடித்தபடி ஃப்ரேமை நகர்த்துங்கள்.

கார்த்திகை தீபத்தன்று ஒரு அகல் விளக்கை முழு ஜூமில் எடுத்துப் பாருங்கள். ட்ரைபாட் இல்லாவிட்டால் ஒரு ஸ்டூல், இரண்டு நொடி டைமர். ஒன்றரை மீட்டரில் நின்றால் 10 செ.மீ. அகலம் கிடைக்கும். விளக்குக்கு ஐந்து மீட்டர் பின்னால் கேட்டில் சீரியல் பல்பு தொங்கினால் ஒவ்வொரு பல்பும் படத்தில் பத்தில் ஒரு பங்கு அகலத்துக்கு வண்ண வட்டமாகப் பூத்திருக்கும்.

கம்ப்யூட்டரில் பின்னணியை மங்கலாக்குவது பற்றியும் கேட்கிறார்கள். ஜிம்ப் என்கிற இலவசப் படத்திருத்த மென்பொருளில் செய்யலாம், எனக்கு அது பிடிக்கவில்லை. உண்மையான மங்கல் தரையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும், கையால் செய்யும்போது பொருளை வெட்டி ஒட்டிய மாதிரி ஓரம் தெரிகிறது, தலைமுடி வரும் இடத்தில் இன்னும் மோசம். அதற்குச் செலவாகும் நேரத்தில் பத்து அடி தள்ளிப்போய் இன்னொரு படம் எடுத்துவிடலாம்.