ஸ்வீடன் படிப்பு: பாஸ்போர்ட் தேதியை முதலில் பாருங்கள்

மாஸ்டர்ஸ் விண்ணப்பத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜனவரி நடுவில் கடைசித் தேதி, 900 குரோனர் கட்டணம், மார்ச் கடைசிவாக்கில் முடிவு. எனக்கு உப்சாலா பல்கலைக்கழகம் கிடைத்தது, கட்டணத்தின் முதல் தவணை கட்டினேன், ஸ்வீடனில் தங்கிப் படிப்பதற்கான பெர்மிட்டும் வந்தது. வில்லங்கம் அந்த பெர்மிட் அட்டையில் இருந்த தேதியில்தான்.

பாஸ்போர்ட் காலாவதியாகும் நாளைத் தாண்டி பெர்மிட் தரமாட்டார்கள். என் பாஸ்போர்ட்டில் ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் மிச்சம் இருந்தது. சென்னையில் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொன்னவர், "ஆறு மாசம் இருந்தா போதும் தம்பி, எல்லா நாட்டுக்கும் அதான் ரூல்" என்று அடித்துச் சொல்லியிருந்தார். அது சுற்றுலா போகிறவர்களுக்கான கணக்கு! ஸ்வீடனில் நம்மைப் போன்ற மாணவர்கள் கையில் குறைந்தது ஒரு வருட பெர்மிட் இருந்தால்தான் பர்சனல் நம்பர், அதாவது அங்கே எல்லாவற்றுக்கும் கேட்கும் அரசு அடையாள எண், கிடைக்கும். படிப்பு இரண்டு வருடம் என்று அட்மிஷன் கடிதத்தைக் காட்டுவதில் பயனில்லை.

நம்பர் இல்லையென்றால் பேங்க்ஐடி (வங்கி தரும் டிஜிட்டல் அடையாளம்) இல்லை, பேங்க்ஐடி இல்லையென்றால் ஸ்விஷ் (மொபைலில் பணம் அனுப்பும் ஆப்) இல்லை. பழைய சைக்கிள் விற்பவர்கூட ஸ்விஷ்தான் கேட்கிறார். நோட்டை நீட்டினால் சங்கடமாகச் சிரிக்கிறார். வாடகை பில்லில் ஸ்வீடனுக்குள் பில் கட்டுவதற்கான பேங்க்கிரோ எண் மட்டும் இருக்கும், இந்தியாவிலிருந்து அதற்குப் பணம் அனுப்ப முடியாது. வீட்டுக்காரரிடம் ஐபேன் எண்ணை (வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்ப உதவும் கணக்கு எண்) கேட்டு வாங்கி, ஒவ்வொரு மாதமும் வங்கிக் கட்டணம் வேறு அழுதேன்.

கணக்குத் திறக்கப் போன வங்கிக் கிளையில் "நம்பர் வந்த பிறகு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். சட்டப்படி வசிக்கிறவருக்கு அடிப்படைக் கணக்கு மறுக்கப்பட்டால் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. இதைச் சொல்லிக் கொடுத்தது ஒரு சீனியர் அக்கா. மறுபடி போய், "சரி, முடியாதுன்னா எழுதிக் கொடுங்க" என்றேன். உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார்கள், கணக்குத் திறந்தாயிற்று. அன்றைக்கு ஒரு இலவங்கப்பட்டை பன் வாங்கிச் சாப்பிட்டேன், கார்டில்தான்.

ஸ்டாக்ஹோம் தூதரகம் மூலம் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, பெர்மிட் நீட்டிப்புக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். இடையில் வகுப்புகள் நன்றாகவே போயின. பத்து மணி வகுப்பு என்றால் பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எனக்கு நாக்கு வர நாளாயிற்று. ஒன்று மட்டும் கவனம்: தேர்வுக்கு லாடோக் என்ற மாணவர் இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். விட்டுவிட்டால் மறுதேர்வுதான், கெஞ்சினாலும் நடக்காது.

நம்பர் தபாலில் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பேங்க்ஐடிக்கு என் வங்கி பாஸ்போர்ட்டை ஏற்கவில்லை, ஸ்வீடிஷ் அடையாள அட்டை கேட்டது. அதற்குத் தனியாக 400 குரோனர், தனி அப்பாயின்ட்மென்ட். நம்பர் கடிதம் கைக்கு வந்த அன்றே அந்த அப்பாயின்ட்மென்டைப் பதிவு செய்துவிடுங்கள். செமஸ்டர் தொடக்கத்தில் இடம் கிடைப்பது கஷ்டம்.